கொறங்காட்டில் சீமைக் கருவேல்: வேரோடு களைவது எப்படி?

காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் மானாவாரி நிலத்தைக் கிளுவை வேலியால் அடைத்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மேய்ச்சலுக்கு விடுவதைக் கொறங்காடு என்பர். காங்கேயம் மாடுகள் பேர் பெற்றது இந்தப் புல்லில்தான். இன்று பல கொறங்காடுகளில் சீமைக் கருவேல் புகுந்து புல்லை அமுக்கி வருகிறது.

இதைக் கொண்டுவந்து போடுவது பெரும்பாலும் நம் கால்நடைகளே. கோடையில் பழுத்து விழும் காய்களை ஆடுமாடுகள் விரும்பித் தின்கின்றன. கெட்டியான விதை செரிக்காமல் சாணத்திலும் புழுக்கையிலும் வந்து, எருவோடு முளைக்கிறது. எனவே வெளியில் மேய்ந்து வந்த கால்நடைகளை ஒரு வாரம் பட்டியில் கட்டித் தீனி போட்ட பிறகே கொறங்காட்டில் விட வேண்டும்.

விறகுக்காக அடியில் வெட்டிவிட்டால் செடி ஒழிந்தது என்று எண்ணுவது தவறு. வேர்க்கழுத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, உறங்கும் மொட்டுகள் உள்ளன. ஒற்றைத் தண்டாக நின்ற மரம் அடுத்த மழையில் பல தண்டுகளோடு புதராகத் துளிர்க்கும். ஆகவே சுற்றிலும் பறித்து, ஒரு அடி ஆழத்தில் வேரை வெட்டி, கட்டையை வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குக் கீழே தங்கும் வேர் சாதாரணமாகத் துளிர்ப்பதில்லை. விரல் பருமனுள்ள கன்றுகளை மழை பெய்து மண் இளகியதும் வேரோடு பிடுங்கலாம்.

வேலையை அடர்ந்த புதரில் தொடங்குவது பலருடைய வழக்கம். கைப்பணம் அங்கேயே தீர்ந்துவிடும்! புல் நன்றாக இருக்கும் பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் செடிகளை முதலில் எடுத்தால், குறைந்த கூலியில் நிறைய நிலம் தப்பும். இயந்திரத்தால் காடு முழுவதையும் புரட்டினால் புல்லின் தூர்களும் போய்விடும். கூலியாட்கள் அவசரத்தில் வெள்வேலையும் சேர்த்து வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் காய் ஆடுகளுக்கு நல்ல தீவனம்.

கட்டை எடுத்த குழிகளை மூடி, ஐப்பசி மழையில் கொழுக்கட்டைப் புல் விதைக்கலாம். ஏக்கருக்கு சுமார் 3 கிலோ விதை போதும். புதிதாக உதிர்ந்த விதைக்கு உறக்கம் உண்டு. சில மாதங்கள் வைத்திருந்த விதையே நன்கு முளைக்கும். பஞ்சு போன்ற விதையாதலால் ஈரமணலில் கலந்து தூவி, மேலாக மண் மூடவும். முதல் ஆண்டு புல் விதை உதிர்க்கும் வரை மேய்க்கக் கூடாது.

வேலியில் சந்து விழுந்தால் சீமைக் கருவேல் முள்ளால் அடைக்காமல் கிளுவைப் போத்து நடுங்கள். மண்ணில் கிடக்கும் பழைய விதை பல ஆண்டுகளுக்கு முளைத்துக்கொண்டேயிருக்குமாதலால், ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஒரு முறை காட்டைச் சுற்றி வந்து கன்றுகளைப் பிடுங்க வேண்டும்.