ஏற்றத்தில் இழுக்காத வண்டி

கண்ணு, மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்தால் உன்னிடம் அடிக்கடி வரப்போகும் புகார் இதுதான்: "சமதளத்துல நல்லாத்தான் ஓடுது, கல்லாறு தாண்டினா இழுக்க மாட்டேங்குது." அடியோடு ஓடாத வண்டியைச் சரிபார்த்துவிடலாம். சில நேரம் மட்டும் திணறுகிற வண்டிதான் உன் பொறுமையையும் நேர்மையையும் சேர்த்துச் சோதிக்கும். அதனால்தான் இவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

1. பானெட்டைத் திறக்குமுன் கேள். இஞ்சின் சூடான பிறகா, காலையில் எடுத்ததுமா? ஏற்றத்திலா, முந்தும்போதா? டேங்கில் பெட்ரோல் குறைந்தாலா? அம்பாசிடர் காலத்தில் ஒரு டிரைவர், "பர்லியார்கிட்ட வந்தா நின்னுபோகுது" என்றார். எனக்குத் தொழில் கற்றுத்தந்த மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவில்லை. "காலையில ஏறினாலும் நிக்குமா?" என்று மட்டும் கேட்டார். "இல்லீங்க, மத்தியானந்தான்." அந்தப் பதிலிலேயே கோளாறு தெரிந்துவிட்டது. வெயிலும் இஞ்சின் சூடும் சேர்ந்து, பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி வழியை மறித்திருந்தது. ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றினார், வண்டி மலை ஏறியது.

2. வண்டிக்காரர் சொல்வதை நம்பு. பட்டறை வாசலில் ஐடிலில் ஓடவிட்டு, "ஒண்ணுமில்லையே" என்று திருப்பி அனுப்பாதே. மாடு இழுக்குமா என்பது பாரம் ஏற்றினால்தான் தெரியும். ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பிளக்கில் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். ஐடிலில் தாக்குப்பிடித்த இக்னிஷன் காயில் அங்கேதான் கைவிடும். அதனால் அவரையே ஓட்டச் சொல்லி, நீ ஸ்கேனரோடு பக்கத்தில் உட்கார். அவர் கால் எப்படி மிதிக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்.

3. ஸ்கேனரில் பி0171 என்று வந்தால், கலவையில் பெட்ரோல் போதவில்லை என்றுதான் பொருள். உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றக் கிளம்பாதே. ஃப்யூயல் டிரிம்மை, அதாவது இஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் கணக்கைப் பார். ஐடிலில் எகிறி, 2500 சுற்றில் வழக்கத்துக்கு இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. வேக்கம் ஓஸ்களைத் தேடு. ஐடிலில் ஒழுங்காக இருந்து, வண்டி ஏற்றம் ஏறும்போது டிரிம் எகிறினால், பெரும்பாலும் பெட்ரோல் வருகை குறைகிறது. ஃபில்டரையும் பம்பையும் பார்க்க வேண்டும். பிரஷர் கேஜ் மாட்டி ஓட்டிப் பார்ப்பதானால், பெட்ரோல் குழாயை எந்தக் காரணத்துக்கும் வண்டிக்குள் கொண்டுவராதே.

4. செலவில்லாத சோதனை முதலில். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். அதன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டு, மூன்றாவதின் காயிலை இங்கே மாட்டு. அடுத்த ஓட்டத்தில் பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. கைவேலைதான், காசு கிடையாது. ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பவனைக் கெட்டிக்காரன் என்று ஊர் சொல்லும். ஆனால் அவன் பழகுவது அடுத்தவர் பணத்தில்.

5. முதலில் அகப்பட்டதோடு நின்றுவிடாதே. இது எனக்கு மிக முக்கியம், நிதானமாகக் கேள். ஒரு வண்டி வருகிறது என்று வை, வேகம் கூடக்கூட அதை யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் ஆகிறது. வேக்கம் கேஜை மாட்டி 2500 சுற்றில் நிறுத்தினால் முள் மெல்ல மெல்ல இறங்குகிறது. சைலன்சர் வழி அடைத்திருக்கிறது, அதிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகியிருக்கலாம். விலை அதிகமுள்ள பாகம். புதிதை மாட்டியதும் வண்டி பறக்கும், வண்டிக்காரர் கும்பிட்டுவிட்டுப் போவார். சில மாதத்தில் அதே குறையோடு திரும்பி வருவார். ஏன்? முன்பே ஒரு காயில் மிஸ்ஸிங். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கியது. காயிலை யாரும் பார்க்கவில்லை, புதியதும் அதே வழியில் போயிற்று. இப்படி இரட்டைச் செலவு செய்து கண்கலங்கி நின்ற வாடகை டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். "இது ஏன் கெட்டது?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை பில் எழுதாதே. பதில் கிடைத்துச் சரிசெய்த பிறகும், அதே ஏற்றத்தில், அதே ஆள்கணக்கோடு, இஞ்சின் சூடாகும்வரை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடு.

6. கோளாறே இல்லாத வண்டியும் வரும். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத இஞ்சின், கீழே தரும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். சிறிய பெட்ரோல் காரில் ஐந்து பேர், மேலே பெட்டிகள், ஏசி வேறு. திணறத்தான் செய்யும். ஏர் ஃபில்டர், பிளக், பெட்ரோல் பிரஷர் எல்லாம் சரியாக இருந்தால் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடு. எதையாவது மாற்றிக் காசு வாங்க அன்றைக்கு ஆசை வரும், கடையில் வேலை இல்லாத நாளாக இருந்தால் இன்னும் வரும். வாங்காதே, சாமி. ஏசியை நிறுத்திவிட்டு, ஒரு கியர் கீழே போட்டு ஏறச் சொல்லி அனுப்பு.