விசில் பையிலேயே இருக்கட்டும்

சின்னசேலம்,
ஞாயிறு மாலை.

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ வனக்காப்பாளர் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்துவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். கூடவே உன் மனக்குறையையும் சொன்னாள். "காட்டுக்குள்ள வேலைன்னா சரி. அருவி வாசல்ல நிறுத்தி டிக்கெட் கிழி, கூட்டத்தை விரட்டுன்னு சொல்லிட்டா என்ன பண்றது?" என்று கேட்டாயாம்.

முப்பது வருடம் காக்கி போட்டவன் நான். வாட்சராகச் சேர்ந்து வனவராக ஓய்வு பெற்றேன். அதில் பாதிக் காலம் வாசலில்தான் நின்றேன். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

தேர்வு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2024 முதல் வனக்காப்பாளர், வனக்காவலர் பணிகளைக் குரூப் 4 தேர்விலேயே சேர்த்துவிட்டார்கள். புத்தகத்தோடு காலையும் தயார் செய். முன்பு நடந்த தேர்வுகளில் நான்கு மணி நேரத்துக்குள் ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 16 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டியிருந்தது. கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணை வரை தினம் விடியலில் நடந்து பழகு. மற்றதை அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது வாசலைப் பற்றி.

மழை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும் வண்டிகள் வெள்ளிமலைச் சாலையில் பெரியார் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும். ஒரு வேனில் குடும்பம், புளிசோறு, பாட்டு. இன்னொன்றில் பையன்கள், பாட்டில். உள்ளே எத்தனை பேர், வெளியே எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது. நம் கல்வராயன் மலை சரணாலயம் இல்லை, காப்புக்காடு. வேடந்தாங்கலுக்கோ முதுமலைக்கோ போகிறவனைப் போல இல்லாமல், இங்கே வரும் ஆளுக்குத் தான் வனவிலங்கு இருக்கும் இடத்துக்கு வந்திருக்கிறோம் என்பதே தோன்றாது. குளிக்க ஒரு இடம், அவ்வளவுதான் அவன் கணக்கு. அந்தக் கணக்கை மாற்றுகிற வேலைதான் வாசலில் நிற்பவரின் வேலை.

எப்படி மாற்றுவது என்பதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

வேலையில் சேர்ந்த புதிது. ஒரு பறவை ஏரி. ஊர்ப் பெயர் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேர் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கல்லைக் கையில் எடுத்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. விசிலை எடுத்து மூச்சு முட்ட ஊதினேன். கரையோரக் கருவேல மரங்களில் அடைகாத்திருந்த நாரைகள் மொத்தமாக எழும்பிவிட்டன. அவை சுற்றி வந்து மறுபடி கூட்டில் உட்காருவதற்குள் ஒரு காகம் வந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு போனது. பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்தார்கள். கல்லை வைத்திருந்த பையன், "சார், நாங்க கத்தினப்போ பறக்கலையே, நீங்க ஊதினதுக்குத்தானே பறந்துச்சு?" என்று கேட்டான். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மறுவாரம் அதே கரைக்கு வேறொரு பள்ளி வந்தது. அன்று எங்கள் மூத்த வாட்சர் முன்னால் போனார். "சத்தம் போடாதே" என்று அவர் சொல்லவே இல்லை. ஒரு நத்தைக்குத்தி நாரையைக் கைகாட்டி, "அது வாயை மூடியிருக்கா, திறந்திருக்கா பார்த்துச் சொல்லுங்க" என்றார். பிள்ளைகள் உற்றுப் பார்த்தார்கள். அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும் பறவை அது. நத்தையைப் பிடிக்க அந்தச் சந்து உதவும். குஞ்சாக இருக்கும்போது அது கிடையாது, வளர வளரத்தான் வரும். இதையெல்லாம் அவர் கிசுகிசு என்று சொன்னார். அவர் குரல் கேட்க வேண்டும் என்பதற்காகவே முப்பது பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அன்றைக்குப் படித்ததுதான் நான் உனக்குச் சொல்லும் முதல் பாடம். "கூடாது" என்று சொல்வதற்கு முன்னால் "இதைப் பார்" என்று ஒன்றைக் காட்டு.

அமெரிக்காவில் ஃப்ரீமன் டில்டன் என்று ஒரு பத்திரிகைக்காரர் இருந்தார். அங்கே தேசியப் பூங்காக்களில் விருந்தினரை அழைத்துப் போகிறவர்களைப் பல காலம் கவனித்து 1957-ல் ஒரு நூல் எழுதினார். இன்றுவரை அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதுதான் பாலபாடம். வெறும் தகவலை ஒப்பிப்பது விளக்கம் ஆகாது, வந்தவர் மனதில் ஒரு பொறியைத் தட்டிவிடுவதுதான் வேலை என்பது அவர் கட்சி. எங்கள் மூத்த வாட்சர் டில்டனைப் படித்தவர் இல்லை. ஆனால் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நம் மலையில் எதைக் காட்டுவது என்று கேட்பாய். புலி, யானையைத் தேடாதே. இருப்பதைக் காட்டு. கீழே கடுக்காய் கிடந்தால் ஒன்றை எடுத்துக் குழந்தையின் கையில் கொடு. தோலைப் பதப்படுத்தவும் மருந்துக்கும் போகிற காய் இது, இதைப் பொறுக்கித்தான் மலையில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது என்று சொல். பிறகு எடுத்த இடத்திலேயே போடச் சொல். அப்படிச் செய்த குழந்தை, அப்பா செடியைப் பிடுங்கினால் அவரையே தடுக்கும்.

குரங்கைக் காட்டு. நம் நாட்டுக் குரங்கு தென்னிந்தியாவை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. தலைமுடி உச்சியிலிருந்து நாலாபுறமும் விரிந்து குல்லாய் போட்டது போல இருக்கும். கிடைத்ததை அவசரமாகக் கன்னத்துப் பையில் அடைத்துக்கொண்டு, மறைவாகப் போய் மெல்லும். இதைப் பார்த்து நாலு பேர் சிரித்த பிறகு சொல்: "இது பழத்தைத் தின்னுட்டு விதையைத் துப்புற இடத்துல மரம் முளைக்கும். நீங்க பிஸ்கட் போட்டா இது காட்டுக்குள்ள போகாது, ரோட்டுலயே உட்கார்ந்து உங்க வண்டியிலதான் அடிபடும்." "குரங்குகளுக்கு உணவளிக்காதீர்" என்ற பலகையின் கீழேயே உட்கார்ந்து வாழைப்பழம் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பலகை யார் கண்ணையும் பார்த்துப் பேசாது. நீ பேசலாம்.

எல்லாவற்றையும் பேச்சால் சாதித்துவிட முடியுமா என்றால், முடியாது. பாட்டிலை எடுத்துக்கொள். பாறையில் உடைந்த கண்ணாடி குளிக்க வருகிறவன் காலையும் கிழிக்கும், தண்ணீர் குடிக்க வரும் பன்றியின் காலையும் கிழிக்கும். நீலகிரியில் 2022-ல் ஒரு வழி கண்டார்கள். மதுப்பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் தந்தார்கள். ஒருவன் எறிந்தாலும் இன்னொருவன் பொறுக்கிக்கொண்டு வந்தான். மனிதனைத் திட்டுவதைவிட அவன் எளிதாக நல்லது செய்ய ஒரு வழி வைப்பது மேல். உன் வாசலில் ஒரு சாக்கைக் கட்டி வை. உள்ளே போகிற பாட்டிலையும் பையையும் எண்ணி எழுது, திரும்பும்போது கேள். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே பாதிப் பேர் ஒழுங்காகிவிடுவார்கள்.

இப்போது விசிலுக்கு வருகிறேன். அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பையில் வைத்திரு என்கிறேன். ஏனென்றால் அது உனக்குத் தேவைப்படும் நேரம் ஒன்று உண்டு.

அருவியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். குளிப்பவர்களுக்கு அது தெரியாது. தண்ணீர் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அருவியின் சத்தம் கனத்துவிடும். இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் யாரையும் கேட்காதே, விசிலை ஊது, ஆட்களைக் கரையேற்று. பொய்யாகப் போனால் நாலு பேர் முணுமுணுப்பார்கள், போகட்டும். ஆனால் ஒன்றை யோசி. காலையிலிருந்து சோப்புக்கும் செல்ஃபிக்கும் சேர்த்து ஐம்பது தடவை ஊதியிருந்தால் ஐம்பத்தோராவது ஊதலை யார் மதிப்பார்கள்? விசிலுக்கு மரியாதை அதை ஊதாமல் இருக்கும் நேரத்தில்தான் சேர்கிறது.

மாசி, பங்குனியில் இதே எச்சரிக்கை நெருப்புக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் இளவயதினர். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. யார் உள்ளே போனார்கள், எந்த வழியில், எப்போது திரும்ப வேண்டும் என்று வாசலில் எழுதும் ஒரு நோட்டு, உயிர் காக்கும் கருவி. நம் மலையில் மேகம் நீர்வீழ்ச்சிக்கு நடந்து போகிறவர்களைப் பெயர் எழுதாமல் விடாதே.

பாம்புக்கடிக்கும் வாசல்தான் முதல் இடம். கடித்த இடத்தைக் கீறாதே, இறுக்கிக் கட்டாதே. அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்பு. பச்சிலை, மந்திரம் என்று நேரம் போக விடாதே.

இனி, புத்தகத்தில் இல்லாத ஒன்று. இதுவரை வாசலுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களைப் பற்றியே பேசினேன். உள்ளே இருப்பவர்களும் உண்டு. மலையாளி மக்கள் பல தலைமுறையாக இங்கே இருக்கிறார்கள். பெயரைக் கேட்டு, "கேரளாவா?" என்று சுற்றுலாப் பயணி கேட்பான். மலையில் வாழ்வதால் வந்த பெயர் என்று பொறுமையாகச் சொல். 1976 வரை இந்த மலை மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. கூலி இல்லாமல் வேலை வாங்கியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் அவர்களுக்குக் காட்டில் உள்ள உரிமையை எழுத்தில் ஏற்றது. ஆகவே நீ காக்கி போட்டு நிற்கும்போது அந்தச் சட்டையை அவர்கள் பழைய நினைவோடுதான் பார்ப்பார்கள். தலைச்சுமையோடு வருகிற பாட்டியை டிக்கெட் கேட்டு நிறுத்திவிடாதே. அது அவர் வீட்டு வழி. நீ அங்கே காவலுக்கு வந்தவள்.

காவல் என்பது துறை வந்த பிறகு வந்ததும் இல்லை. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள்தான் போய் முறையிட்டார்கள். 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்தில் உத்தரவு வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவின் முதல் தேசிய வனவிலங்குப் புகலிடமான பெலிக்கன் தீவு 1903-ல்தான் வந்தது. அங்கும் அதே கதை. தொப்பிக்கு இறகு வேண்டிச் சுட வந்தவர்களைப் படகில் போய்த் தடுத்துக்கொண்டிருந்த பால் குரோகல் என்ற உள்ளூர்க்காரரைத்தான் மாதம் 1 டாலருக்கு முதல் காவலராக வைத்தார்கள். இரண்டு இடத்திலும் பறவையின் பக்கத்தில் குடியிருந்தவர்தான் முதல் காவலர். நம் மலையில் அந்த இடம் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்.

நம் அப்பாயியை உனக்கு நினைவிருக்கிறதா? திண்ணையை விட்டு இறங்கவே மாட்டாள். வருகிற எவரையும் "யார் வீட்டுப் பிள்ளைப்பா நீ? எங்கிருந்து வர்றே? தண்ணி குடிச்சியா?" என்பாள். வந்தவனுக்கு அது உபசாரம். ஆனால் அந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லாமல் ஒருவனும் வீட்டுக்குள் போனதில்லை. அவள் இருந்தவரை நம் வீட்டில் ஒரு செம்பு திருட்டுப் போனதில்லை. வாசலில் நிற்பதைக் குறைவாக நினைத்தாயே, அதற்காகத்தான் அவளை ஞாபகப்படுத்துகிறேன்.

அடுத்த ஞாயிறு பெரியார் நீர்வீழ்ச்சிக்குப் போ. யாரிடமும் எதுவும் சொல்லாதே. ஓரமாக உட்கார்ந்து ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுது: வந்தவர்கள் என்ன கேட்டார்கள், எதை உற்றுப் பார்த்தார்கள், எதை எறிந்தார்கள். பொங்கலுக்கு வரும்போது தேனும் பலாவும் வேண்டாம், அந்த நோட்டைக் கொண்டு வா. உட்கார்ந்து படிப்போம்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா.