முதிர்வயதில் ஒருவருக்கொருவர்

வாலிபரின் விவாகத்தைப் பற்றி எத்தனையோ பாடங்கள் படித்துவிட்டோம். பிள்ளைகள் வெளியூர் போனபின் வீட்டில் மிஞ்சுகிற அந்த இரண்டு பேரைப் பற்றி இம்மாதம் தியானிப்போம். லூக்கா முதலாம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சகரியாவும் எலிசபெத்தும் வயதுசென்றவர்கள். தூதன் சொன்னதை நம்பாததினால் சகரியா ஊமையானான். 62ம் வசனத்தில் ஜனங்கள் அவனிடம் சைகையாலே கேட்கிறார்கள். ஆகவே காதும் கேளாதிருந்திருக்கும். பிள்ளைக்குத் தகப்பன் பெயரை வைக்க உறவினர் வந்தபோது, எலிசபெத்து மறுத்து, யோவான் என்கிற பெயரைச் சொல்லுகிறாள். தூதன் அதைச் சகரியாவிடம் அல்லவா சொன்னான்? அவளுக்கு எப்படித் தெரிந்தது? ஆவியானவர் வெளிப்படுத்தினார் என்பார்கள்; அதற்கும் இடமுண்டு. ஆனால் அத்தனை மாதமும் அவன் எழுதி எழுதிக் காட்ட, அவளும் பொறுமையாய் உட்கார்ந்து புரிந்துகொண்டிருப்பாள் என்றே நான் எண்ணுகிறேன். எரிந்து விழுகிற வீட்டில் அது நடக்காது.

இப்போது ஆதியாகமம் 27. ஈசாக்குக்குக் கண் மங்கிவிட்டது. அவனுக்குக் கண்ணாயிருக்க வேண்டிய ரெபெக்காள், அந்தத் தெரியாத கண்ணை வைத்தே காரியம் சாதித்தாள். யாக்கோபின் கைகளில் ஆட்டுக்குட்டித் தோலைப் போர்த்தினாள். தேவன் யாக்கோபைத் தெரிந்துகொண்டது மெய்தான். கண் தெரியாத புருஷனை ஏமாற்றும்படி அவர் சொல்லவில்லையே! யாக்கோபு இருபது வருஷம் லாபானிடத்தில் கிடந்தான். தாய் மறுபடி மகன் முகத்தைப் பார்த்ததாக வேதத்தில் இல்லை.

காது கேளாத புருஷனுக்கு முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசிச் சிரிப்பது, பார்வை போன மனைவியிடம் என்ன பத்திரம் என்று சொல்லாமல் கைநாட்டு வாங்குவது, இதெல்லாம் விசுவாசிகள் வீட்டிலும் நடக்கிறது.

ராஜபாளையத்தில் நம் சபையார் ஒருவர், ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் சைடர். அந்த இரைச்சலிலேயே காது போய்விட்டது. அம்மாவுக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டு கண்ணிலும் புரை. வீடு சந்திக்கப் போனபோது, "பாஸ்டரய்யா, அவருக்குக் காது கேக்கல, எனக்குக் கண்ணு தெரியல. ஒழுங்கா சண்டை போடக்கூட வழியில்ல" என்றார்கள். சிரித்தேன், ஜெபித்தேன். ஆபரேஷன் பண்ணிக்கலாமா என்று கேட்டதற்கு, "விசுவாசத்தோட காத்திருங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது என் தப்பு. அடுப்பில் நிற்கிறது யார் என்றுகூட நான் கேட்கவில்லை. அந்தக் கையிலிருந்த சூட்டுத் தழும்பைப் பிறகுதான் பார்த்தேன்.

பெரியவர் என்னைக் கேட்கவில்லை. மனைவியைக் கைபிடித்துப் பஸ் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த கண் முகாமுக்குக் கூட்டிப்போனார். டாக்டர் சொன்னதை அம்மா கேட்டுக்கொண்டார்கள்; பாரத்தை அவர் வாசித்து நிரப்பினார்.

புரை என்பது கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மங்கிப்போவது. சொட்டு மருந்தில் கரையாது. அதை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைக்கவேண்டும். மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின், 1976ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களாலேயே ஆயிரமாயிரம் பேருக்கு ஆபரேஷன் செய்தவர் அவர். அங்கே இலவசமாய்ப் பார்வை பெற்ற ஏழைகள் எத்தனை பேர்! இதை அவிசுவாசம் என்று தள்ளுவோமா? சகரியா வீட்டுச் சம்பவம் மற்ற மூன்று சுவிசேஷங்களில் இல்லை. எழுதிவைத்த லூக்கா ஒரு வைத்தியன் (கொலோசெயர் 4:14). கர்த்தர் சுகமாக்குகிறவர் என்று இன்றும் பிரசங்கிக்கிறேன். சகரியாவின் வாயைத் திறந்தவர் அவரே.

ஆபரேஷனுக்குப் பின் சொட்டு மருந்து விட்டதெல்லாம் பெரியவர்தான். காலண்டர் தாளில் வேளைக்கு ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவது நம் சபை வழக்கம். இப்போது கடைசியில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறோம். நான் பிரசங்கத்தில் சொல்லுகிற வசன எண்ணை அம்மா நோட்டில் எழுதிக் காட்ட, அவர் வேதத்தைப் புரட்டி எடுக்கிறார். இப்படிச் சேர்ந்து உட்காரவேண்டிய வயதானவர்கள் வேறு யாரும் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், இன்னொரு பெஞ்சு போடலாம்.