இருத்தலியல் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

பள்ளிக்கரணையிலிருந்து தாம்பரம் கிறித்தவக் கல்லூரிக்கோ சேப்பாக்கம் பல்கலைக்கழகத்துக்கோ தத்துவமும் இலக்கியமும் படிக்கக் கிளம்பும் உங்களுக்குச் சில சொல்ல வேண்டும்.

1. கதையிலிருந்து தொடங்குங்கள். சார்த்தரின் பெரிய தத்துவ நூலை முதல் வருடமே தூக்காதீர்கள். ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' சின்னப் புத்தகம். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழாக்கியிருக்கிறார். உரை எதையும் பார்க்காமல் ஒருமுறை வாசியுங்கள். அடுத்து, ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்த காஃப்காவின் 'விசாரணை'.

2. தேர்வை ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் யோசியுங்கள். எஸ்.வி. ராஜதுரையின் 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்: ஓர் அறிமுகம்' 1975இலேயே வந்துவிட்டது. சம்பத்தின் 'இடைவெளி' (1984) நாவலையும் தேடிப் பிடியுங்கள். சாவு என்றால் என்ன என்ற கேள்வியை விடாமல் துரத்தும் ஒரு குடும்பஸ்தனின் கதை அது. சாவை யாருக்கோ நேர்வதாகவே வைத்துப் பேசும் நம் பழக்கத்தை ஹைடெக்கர் 1927இல் ஆராய்ந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், வகுப்பில் புரியாத பலதும் புரியும்.

3. எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். கீர்க்ககார்ட் கடவுளை நம்பியவர், சார்த்தர் மறுத்தவர். காம்யு இருத்தலியலாளர் என்ற பெயரே தனக்கு வேண்டாம் என்றார். 1952இல் அவரும் சார்த்தரும் முறித்துக்கொண்டார்கள். சிமோன் த பொவாரைச் சார்த்தரின் துணைவி என்று ஒரு வரியில் முடிக்கும் பாடக்குறிப்பை நம்ப வேண்டாம். 'இரண்டாம் பாலினம்' (1949) எழுதியவர் அவர்.

4. விரக்தியை வேஷமாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். 1945இல் பாரிசில் ஆற்றிய உரையில் சார்த்தர் வலியுறுத்தியது, தேர்ந்தெடுப்பதற்கு நாமே பொறுப்பு என்பதை. காம்யுவின் 'கொள்ளை நோய்' நாவலில் வரும் மருத்துவர் ரியூ, நோயை வெல்வோம் என்ற உறுதி இல்லாமலே தினமும் நோயாளிகளைப் பார்க்கப் போகிறார். 2015இலும் 2023 டிசம்பரிலும் நம் தெருக்களில் வெள்ளம் நின்றபோது, முன்பின் தெரியாத வீடுகளுக்குப் பாலும் சோறும் சுமந்துபோனவர்களைப் பார்த்தவர்கள் நீங்கள். அந்த மருத்துவர் உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடுவார். கட்டுரைத் தாளில் அந்த வெள்ள நாள்களில் பார்த்ததையும் எழுதுங்கள். பயப்பட வேண்டாம்.

5. புத்தகம் வாங்கக் காசில்லை என்று நிற்காதீர்கள். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. பழைய சிற்றிதழ்களைத் தேடத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். இரண்டும் நமக்குத் தொலைவில்லை.

6. காம்யுவின் 'சிசிபஸ்' நூல் தற்கொலையைப் பற்றிய கேள்வியோடு தொடங்குகிறது. முதல் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். வாழ்வது என்ற முடிவுக்கே அவர் வந்து சேர்கிறார். படிக்கும்போது தூக்கம் போய், மனம் இருண்டுகொண்டே வந்தால் புத்தகத்தை மூடிவிடுங்கள். தேர்வு பிறகு எழுதலாம். வீட்டில் சொல்லுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள், 104 உதவி எண்ணை அழையுங்கள். என் வீட்டுக் கதவையும் எந்நேரமும் தட்டலாம்.