'என்று' என்னும் சொல்லும் ஆங்கில அயற்கூற்றும்

பிறர் கூறியதை எடுத்துரைக்கும் முறையைத் தமிழில் நேர்கூற்று, அயற்கூற்று என இருவகையாகப் பகுத்துப் பயில்கிறோம். ஆங்கிலத்திலும் இவ்விரு வகையும் உண்டு. ஆயினும் ஆங்கிலம் கற்கும் நம் மாணவர் பெரிதும் இடறும் இடங்களுள் அயற்கூற்றும் ஒன்றாக இருக்கிறது. இதற்கு அறிவுக்குறை காரணமன்று; தாய்மொழிப் பழக்கமே காரணம் என்பது என் கருத்து.

நான் இளங்கலை பயின்றபோது நேர்ந்த ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். அன்று தேர்வுக் கட்டணம் செலுத்த இறுதி நாள். வகுப்பில் சிலர் இன்னும் கட்டவில்லை. அலுவலகத்தில் எதுவரை பணம் பெறுவார்கள் எனக் கேட்டு வருமாறு ஆங்கிலப் பேராசிரியர் என்னை அனுப்பினார். எழுத்தர், "மூன்று மணிவரை காத்திருப்பேன்" என்றார். வகுப்பினுள் ஆங்கிலத்திலேயே பேச வேண்டும் என்பது பேராசிரியரின் கட்டளை. ஆகவே, 'தி கிளார்க் செட் ஐ வில் வெயிட் டில் த்ரீ' என்றேன். 'ஐ' என்றது என்னையே குறித்ததாக அவர் கொண்டார். மாணவர்தாம் மூன்று மணிவரை காத்திருக்க வேண்டும், அதன் பின்னரே பணம் பெறுவார்கள் எனக் கருதிப் பாடத்தைத் தொடர்ந்தார். நாங்கள் சென்றபோது அலுவலகம் பூட்டியிருந்தது. அபராதத்துடன் கட்ட நேர்ந்தது. கடன் வாங்கிப் பணம் கொண்டுவந்திருந்த நண்பன் ஒருவன் பல நாள் என்னுடன் பேசவில்லை.

என் பிழை யாது? தமிழில் நினைத்ததை அப்படியே ஆங்கிலச் சொற்களில் வைத்தேன்; 'என்று' மட்டும் விடுபட்டுப் போயிற்று. "காத்திருப்பேன் என்று எழுத்தர் சொன்னார்" எனும்போது, காத்திருப்பவர் எழுத்தரே என்பதில் எவர்க்கும் ஐயம் எழாது. 'என்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த எச்சம் 'என்று'. அது பிறர் பேச்சு முடியும் இடத்தில் நின்று வேலியிடுகிறது. வேலிக்குள் இருக்கும் இடமும் காலமும் முதலில் பேசியவருடையவை.

ஆங்கிலத்தில் இத்தகைய வேலி இல்லை. 'தட்' என்பது பேச்சின் தொடக்கத்தைக் காட்டுமேயன்றி முடிவைக் காட்டாது. பேச்சுவழக்கில் அதுவும் பலகால் மறைந்துவிடும். மேற்கோள் குறி தாளில் தெரியும், காதில் விழாது. ஆதலின் தமிழில் 'என்று' செய்யும் பணியை ஆங்கிலத்தில் இடப்பெயர் மாற்றமும் கால மாற்றமும் செய்கின்றன. 'ஹி வுட் வெயிட்' என்று சொல்லியிருந்தேனாயின் அபராதம் இல்லை.

இடப்பெயர் மாற்றம் நம் மாணவர்க்கு எளிதில் கைவருகிறது. காலமாற்றமே தொல்லை. 'காதர் காய்ச்சலாக இருப்பதாகச் சொன்னான்' என்கிறோம். சொன்ன நாள் கழிந்துவிட்டது. ஆயினும் 'இருப்பதாக' என்பது மாறவில்லை. ஏனெனில் தமிழ் அயற்கூற்று, சொன்ன நேரத்தில் நின்று காலத்தை அளக்கிறது. 'இருந்ததாக' என்றால் சொல்வதற்கு முன்பே காய்ச்சல் இருந்தது என்று பொருள். ஆங்கிலமோ, எடுத்துரைப்பவர் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கிறது. 'செட்' இறந்தகாலமானால் உள்ளிருக்கும் 'இஸ்' என்பதும் 'வாஸ்' ஆகிறது. இந்த 'வாஸ்' நம் செவியில் 'இருந்ததாக' என ஒலிப்பதால், மாணவர் அதை எழுத அஞ்சுகின்றனர்.

'வில்' ஏன் 'வுட்' ஆகிறது என வினவுவோரும் உளர். பள்ளி நூல்கள் ஆங்கிலக் காலங்களைப் பன்னிரண்டாக விரிக்கின்றன. வினைவடிவத்தை மட்டும் நோக்கினால் நிகழ்வு, இறப்பு என்னும் இரண்டே உள என்பது, குவர்க் முதலிய நால்வர் 1985இல் வெளியிட்ட பேரிலக்கண நூலின் கொள்கை. 'வில்' நிகழ்கால வடிவம். 'வுட்' அதன் இறந்தகால வடிவம். இதை அறிந்தவர்க்கு வாய்பாட்டை மனப்பாடம் செய்யும் வேலை பாதியாகக் குறையும்.

'வந்தான்', 'வந்திருக்கிறான்' ஆகியவற்றை ஒத்த இரு ஆங்கில வடிவங்களும் அயற்கூற்றில் 'ஹேட் கம்' என ஒன்றாகிவிடுகின்றன. இங்கே ஆங்கிலம் ஒரு நுட்பத்தை இழக்கிறது. தமிழில் 'நேற்று வந்திருக்கிறான்' எனலாம். ஆங்கிலத்தில் 'ஹேஸ் கம்' என்பதோடு 'எஸ்டர்டே' சேராது. இது தேர்வுத்தாளில் நான் ஆண்டுதோறும் கேள்விப்படும் பிழை. தமிழுக்கு மற்றொரு பேறும் உண்டு. 'காதர் ஹாஜாவிடம் தான் வருவதாகச் சொன்னான்' என்றால் வருபவன் காதரே. ஆங்கில 'ஹி' இருவரில் எவரையும் குறிக்கலாம்.

கையேடுகளில் உள்ள மாற்று அட்டவணையை நான் முழுவதும் வெறுப்பவனல்லன். ஆனால் அதை மட்டும் நம்புவது தீது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று நேற்று ஆசிரியர் சொன்னதைக் கூறும்போது, 'கோஸ்' அப்படியே நிற்கலாம். நாளை வருவேன் என்று காலையில் ஒருவர் சொன்னதை அன்று மாலையே தெரிவித்தால், 'டுமாரோ' மாற வேண்டியதில்லை. 

இலக்கணம் கற்ற தமிழ் மாணவர்க்கு இங்கே ஒரு துணை உண்டு. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றால் காலம் மயங்கி வருதலை நன்னூலார் ஏற்கிறார். "சாப்பிட வா" என்று தாய் அழைக்க, எழுந்திராமலே "இதோ வந்துவிட்டேன்" என்கிறான் மகன். இதை அயற்கூற்றாக்குமாறு என் வகுப்பில் கேட்பேன். அட்டவணையைப் பின்பற்றுவோர் 'ஹி செட் தட் ஹி ஹேட் கம்' என எழுதுவர். இலக்கணப்படி குறையில்லை, ஆனால் வந்து சேர்ந்ததாகப் பொய் சொன்னவனாக அந்த மகன் ஆகிவிடுகிறான். விரைவு பற்றிய கால மயக்கத்தை நினைவுகூர்ந்த ஒரு மாணவி, 'ஹி செட் தட் ஹி வாஸ் கமிங்' என்று எழுதினாள்.