இருகூற்று விசைப்பலகையும் தமிழெழுத்தும்

எழுதுகோல் எவர் கைக்கும் இணங்கும். விசைப்பலகைக்கோ கையே இணங்க வேண்டியிருந்தது. பலகையைக் கைக்கு இணக்கும் வழியொன்று இந்நாளில் உண்டு. அதனை நண்பர்க்கு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

தமிழுக்குத் தட்டச்சுப் பொறி கண்டவர் யாழ்ப்பாணத்தவராகிய ஆர். முத்தையா. எழுத்துக்கள் 247, பொறியில் அமையும் விசைகளோ மிகச் சில. ஆதலின் புள்ளி முதலியவற்றிற்கு நகராவிசைகள் ஏற்பட்டன. அவற்றைத் தட்டினால் தாள் நகராது; எனவே முன்னர்ப் புள்ளியும் பின்னர் எழுத்தும் தட்டப்படும்.

கணிப்பொறிக்கென 1999-ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டித் ‘தமிழ்99’ என்னும் அமைப்பு ஏற்கப்பெற்றது. இதன்கண் உயிர்கள் இடக்கைக்கும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியன. ஒரு மெய் இரட்டித்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். அ, ம, ம, ஆ எனத் தட்டினால் ‘அம்மா’ வரும். ஙகரத்தின்பின் ககரம் போல, மெல்லெழுத்தின்பின் அதன் இனவல்லெழுத்து வரினும் அங்ஙனமே. இலக்கண வகுப்பிற் பயின்ற இனவெழுத்து இங்கே விரலுக்கு உதவுகின்றது! புள்ளி வேண்டாவிடத்து இடையில் அகரந் தட்டுக: ம, அ, ம, த, ஐ என்பது ‘மமதை’ ஆகும்.

இனி, இருகூற்றுப் பலகையாவது நடுவே பிரிந்து, தோளகலத்திற்கு விலக்கி வைக்கத்தக்கது. மணிக்கட்டு வெளிப்புறம் வளையாது. எவ்விசை எக்குறியை அனுப்பவேண்டுமென நாமே வகுக்கலாம். தமிழ்99-இல் வகரமும் ஙகரமும் இடக்கூற்றில் விழும். வலக்கூற்றின் உபரி விசைகள் அவற்றின் குறிகளை அனுப்புமாறு செய்தால், மெய்களெல்லாம் ஒருங்கே அமையும்.

எம் தந்தையார் பள்ளிப்பட்டில் முப்பதாண்டுகளாக ஆவணங்கள் தட்டச்சிட்டு வருபவர். மணிக்கட்டு நோவு மிகவே, இருகூற்றுப் பலகையொன்று வாங்கித் தமிழ்99 பயிலுமாறு வற்புறுத்தினோம். முதனாளிலேயே வேலை பாதியும் முடியவில்லை. அவர் எம்மைக் கடிந்திலர். “தம்பீ, என் விரலுக்கு வயதாகிவிட்டது” என்று மட்டுங் கூறினார். அச்சொல் எம்மை நாணச் செய்தது. கைக்கு இணங்கும் பலகையைக் கொணர்ந்து, கையையன்றோ மாற்ற முயன்றோம்!

பின்னர், அவர் பழகிய தட்டச்சு முறையையே அப்பலகையில் அமைத்தோம். அடிக்கடி வரும் புள்ளியை மட்டும் பெருவிரலுக்கு மாற்றினோம். எம்மூர்ப் பகுதி 1960 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தெலுங்கில் எழுதுவிப்போரும் வருவர். ஆதலின் மற்றொரு பெருவிரல் விசையை மொழி மாற்றுதற்கு வைத்தோம். ஒரு திங்களில் நோவு தணிந்ததென்றார். இஃது ஒருவர் அனுபவமேயன்றி மருத்துவ முடிபன்று.

முயல விரும்புவோர் ஒருகால் ஒரு விசையே மாற்றுக. மாற்றியதைத் தாளிற் குறித்துக்கொள்க. ஒரு வாரம் பழகியபின் அடுத்ததை மாற்றுக. புதிதாகக் கற்போர்க்குத் தமிழ்99 நன்று. பழகிய கைக்குப் பழகியதே நன்று.