ஒரே நாளில் ஒரு பல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் உடைந்த பல்லை எந்தக் குச்சியும் வளர்த்துத் தராது. எலும்பு முறிந்தால் கூடும். பல்லின் மேலுறையாகிய எனாமல் தேய்ந்தால் மீண்டும் வளர்வதில்லை. அதனை உண்டாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்து விடுகின்றன. ஆகவேதான் மிகவும் சிதைந்த பல்லுக்குக் 'கேப்' என்று நாம் சொல்லும் உறையைப் போடுகிறார்கள். அவ்வுறையை ஒரே அமர்வில் செய்து பொருத்தும் புதுமுறை பற்றி நான் படித்தறிந்தவற்றை இங்குக் கூற விழைகிறேன்.

பழைய முறை

மருத்துவர் பல்லைச் சுற்றிலும் செதுக்கி, பசை போன்ற பொருளில் அச்செடுப்பார். அதில் மாக்கல் கரைசல் வார்த்து மாதிரி செய்வர். உலோக உறையாயின், மாதிரியின் மேல் மெழுகில் உரு வடித்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுவர். நம் கோயில்களின் உற்சவ மூர்த்திகளைச் சுவாமிமலைச் சிற்பிகள் வார்ப்பதும் இதே தத்துவத்தில்தான். இதனைப் பல் மருத்துவத்தில் 1907-இல் பரவச் செய்தவர் அமெரிக்கரான வில்லியம் டாகர்ட்.

இம்முறையில் குறை தரத்தில் இல்லை, காலத்தில் உள்ளது. அச்சு வேறிடத்துக்குச் சென்று உறையாகத் திரும்பச் சில நாட்கள் ஆகும். எங்கள் வீட்டில் அப்பா தறியில் அமர்ந்தால், கரையின் கோர்வைக்கு அம்மா மறுபுறம் அமர வேண்டும். அம்மாவின் கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட்டபோது, அளவெடுக்க ஒரு நாள், கழன்ற தற்காலிக உறையை மீண்டும் ஒட்ட ஒரு நாள், பொருத்த ஒரு நாள் என மூன்று நாட்கள் தறி நின்றது. நாட்கூலிக் குடும்பத்துக்கு மருத்துவச் செலவென்பது மருத்துவருக்குக் கொடுப்பது மட்டுமன்று.

புதிய முறை

பல்லை ஒளியால் அளக்கலாம் என்னும் கருத்தை 1970-களின் தொடக்கத்தில் முன்வைத்தவர் பிரான்சு நாட்டின் பிரான்சுவா துய்ரே. சூரிக் பல்கலைக்கழகப் பல் மருத்துவர் வெர்னர் மோர்மன், மின்பொறியாளர் மார்கோ பிராண்டெஸ்டினி ஆகிய இருவரும் 'செரெக்' என்னும் கருவியை உருவாக்கி, 1985-இல் முதல் நோயாளிக்குப் பயன்படுத்தினர்.

இதன் முதற்படி இயற்பியல் மாணவர்க்கு இனிப்பானது. சன்னல் கம்பியின் நிழல் சமதரையில் நேராக விழும். படிக்கட்டில் விழுந்தால் பக்கவாட்டிலிருந்து காண்போர்க்கு ஒடிந்து தோன்றும். அவ்வாறே பல்லின்மீது ஒளிக்கோடுகளை வீழ்த்தி, வேறொரு கோணத்திலிருந்து படமெடுத்தால், கோடுகளின் வளைவைக்கொண்டு மேடுபள்ளத்தை முக்கோணக் கணக்கால் காணலாம். எனாமல் ஒளியைச் சற்று உள்ளே விடுவதால், தொடக்கத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு தூளைப் பல்லில் தூவினர். இன்றைய கருவிகள் பலவற்றுக்கு அது வேண்டியதில்லை.

அடுத்து, கணினித் திரையில் உறையை வரைகின்றனர். பின்னர் வைரத்தூள் பதித்த சிறு கருவிகள், நீர் பீய்ச்சக் குளிர்ந்தபடி, பீங்கான் கட்டியைச் சில நிமிடங்களில் கடைந்து விடுகின்றன. லித்தியம் டைசிலிகேட் என்னும் வகையில் கடையும்போது கட்டி நீலநிறமாகவும் சற்று மென்மையாகவும் இருக்கும். ஏறத்தாழ 850 டிகிரி செல்சியசில் சுட்டதும் படிகங்கள் வளர்ந்து, பல்லின் நிறமும் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட வலிமையும் பெறுகிறது. இறுதியாக, உறையின் உட்புறத்தை வாய்க்கு வெளியே ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அரித்து, சிலேன் பூசி, பிசின் சிமெண்டால் ஒட்டி, நீல ஒளியால் இறுகச் செய்கின்றனர். அனைத்தும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடியும்.

தறியும் கணினியும்

இது நம் ஊருக்கு அந்நியமான கலையா? அன்று. ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் அமைத்த தறியில் அட்டையின் துளைகளே எந்தப் பாவு நூல் எழ வேண்டும் என்று கட்டளையிட்டன. அவ்வட்டையைத்தான் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். கட்டத்தாளில் வரைந்த அன்னமும் மயிலும் சேலையில் இறங்குவதற்கும், திரையில் வரைந்த பல் பீங்கானில் இறங்குவதற்கும் அடிப்படை ஒன்றே.

மற்றோர் ஒற்றுமையும் உண்டு. சேலையின் உடலும் கரையும் சேரும் கோர்வைதான் நெசவாளியின் திறமைக்குச் சோதனை. உறையும் பல்லும் சேரும் ஓரமே மருத்துவரின் சோதனை. அவ்விடைவெளி 120 மைக்ரோமீட்டருக்குள், அதாவது மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குக்குள், இருக்க வேண்டும் என்பது 1971-இல் மக்லீன், வான் பிரான்ஹோபர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின் முடிவு. இடைவெளி பெருகினால் சிமெண்ட் கரைந்து, உள்ளே மீண்டும் சொத்தை புகும்.

இங்கேதான் இயந்திரத்தின் எல்லையும் தெரிகிறது. ஒளி நேர்கோட்டில் செல்வது. ஈறு மறைத்த ஓரத்தையும், குருதியோ உமிழ்நீரோ மூடிய இடத்தையும் அது காணாது. ஈறை விலக்கி, பல்லைச் செம்மையாகச் செதுக்கும் கை மனிதனுடையதே. மேலும், கருவியின் விலை மிகுதி. அதனால் கட்டணமும் கூடுகிறது.

முடிவுரை

வசதியுள்ளவர் இரண்டாம் முறை வருவது சிறு தொல்லை. கூலிக்கு உழைப்பவருக்கோ அது ஒரு நாள் சோறு. எனவே இக்கருவி முதலில் சென்று சேர வேண்டிய இடம் அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுகளே என்பது என் கருத்து. சென்னையில் 1953-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி கண்ட தமிழகத்துக்கு இது எட்டாத கனியன்று. ஒளியியலும் வேதியியலும் பயிலும் நாம், அவற்றின் பயன் யார் வாசலில் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பயில்வோமாக!